பெயர் தெரிந்தால் ஏன் தேடப்போகிறேன்

ப்ர்னோ நகரத்தில் நவம்பர்.
நான்காம் மாடி. ஒரு மேசை, ஒரு கணினி,
பக்கத்தில் நான்.
கண்ணாடிச் சுவருக்கு அப்பால் க்வியெட்டா,
அவளுடைய நோட்டு, ஆறிப்போன காப்பி.

முதலில் பொஹுஸ்லாவ். சர்வர்களைக் கட்டி மேய்ப்பவர்.
"கால்குலேட்டரைத் திறங்கள்" என்று
சொல்லி முடிக்குமுன் திறந்திருந்தது.
ஒரு விசை, இரண்டெழுத்து, ஒரு தட்டு.
திரையை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை;
இருட்டில் சட்டைப் பொத்தான் போடுகிற மாதிரி.
ஓரம் வளைத்து, நிழல் கொடுத்து
மூன்று மாதம் நான் வரைந்த சின்னங்கள்
அவருக்கு வழியில் நிற்கும் ஆட்கள்.
"அழகாக இருக்கிறது. இதை எப்படி அணைப்பது?"
க்வியெட்டா குறித்துக்கொண்டாள்.
நான் குறித்துக்கொள்ளவில்லை.

அடுத்து டிராஹொமீரா.
ஈரக் குடையை எங்கே வைப்பதென்று
ஜன்னலோரம், நாற்காலிக் கால் எல்லாம் பார்த்துவிட்டு
மடியிலேயே வைத்துக்கொண்டார்.
தளும்பும் கிண்ணத்தை நகர்த்துவதுபோல்
மவுஸை நகர்த்தினார்.
படங்களைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.
ஒரு மலை, மேலே ஒரு சூரியன்: அதுதான் படங்கள்.
"இது வானிலைதானே?" என்றார்.
மலையும் சூரியனும் வேறென்னவாம்?

கீழே ஒரு பெட்டி: 'தேட இங்கே எழுதவும்'.
அதை அவர் தொடவேயில்லை.
"பெயர் தெரிந்தால் ஏன் தேடப்போகிறேன்?"
கண்ணாடிக்கு அப்பால் பேனாவைக் கடித்தாள் க்வியெட்டா.

இரண்டாம் முறை கேட்டபோது
நேராகப் பழைய இடத்துக்கே போனார்.
மலை அங்கே இல்லை.
திறந்ததையெல்லாம் முன்வரிசைக்கு ஏற்றும் புத்திசாலித்தனம்,
என்னுடையதுதான்,
உதவி என்று நினைத்து அதை நகர்த்தியிருந்தது.
விருந்தாளி கைகழுவிவிட்டு வருவதற்குள்
நாற்காலியை இடம் மாற்றிய வீட்டுக்காரன் மாதிரி நான்.
அவர்தான் மன்னிப்புக் கேட்டார்.
எனக்குக் கம்ப்யூட்டர் வராது, என்றார்.
'சாதாரணப் பயனர்' கட்டத்தில் டிக் அடித்தேன்.

கிளம்பும்போது, பேச்சுக்குத்தான் கேட்டேன்,
என்ன வேலை என்று.
ரயில் நிலையம். மூன்றாம் கவுன்டர். இருபத்தாறு வருடம்.
"அங்கே படமெல்லாம் கிடையாது.
ஊருக்கு மூன்றெழுத்து, ஆளுக்கு ஒரு விசை..."
சொல்லச் சொல்ல வலது கை
குடையின் பிடிமேல் தட்டத் தொடங்கியிருந்தது.
ஒலொமோட்ஸுக்கு இரண்டு பேர், ஒரு நாய், போய்வர.
நாய்க்குத் தனி விசை.
நான்கு நொடி இருக்கும்.
கண்கள் என் முகத்தில்.

"போன வருடம் புதுத் திரை வைத்தார்கள், படம் படமாக.
வரிசை வாசலைத் தாண்டிவிட்டது.
பழையதே வேண்டுமென்று எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்."
பிறகு அவசரமாக,
"உங்களைச் சொல்லவில்லை" என்றார்.

டிக்கை அடிப்பதற்கு ரப்பர் தேடினேன்.
பேனாவில் போட்டது.

அன்றிரவு நகரும் வரிசையைக் கழற்றி எறிந்தேன்.
வைத்தது வைத்த இடத்தில் கிடக்கட்டும்.
ஒவ்வொரு சின்னத்தின் காலடியிலும்
அதைத் திறக்கும் இரண்டெழுத்தைச் சாம்பல் நிறத்தில் எழுதினேன்;
வேண்டாதவருக்கு அது தூசி,
என்றாவது கண்ணில் பட்டால் சாவி.
'வானிலை' என்று தேடினாலும்
படங்கள் வரும்படி செய்தேன்.
"அப்போது வானிலை தேடுகிறவருக்கு?" என்றாள் க்வியெட்டா.
இன்னும் பதில் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, டிக்கெட் வாங்கும் செயலி பையில் இருக்க,
மூன்றாம் கவுன்டர் வரிசையில் நின்றேன்.
அவர் நிமிரவில்லை.
ஊர்ப்பெயரின் பாதி என் வாயில் இருக்கும்போதே
காகிதம் வெளியே வந்துகொண்டிருந்தது.

"நாய் உண்டா?"

இல்லை, என்றேன்.
ஒரு கணம் தாமதித்துத்தான்.